சத்தம் புகாத அறை

அத்தியாயம் 11

தணிக்கை நாள் விடிந்தபோது மருமகளுக்கு ஒரே ஒரு பயம்தான் பாக்கி இருந்தது. அது மாமனாரின் வாய்.

மற்றதெல்லாம் முடிந்திருந்தது. சென்ற வாரம் கடையின் கண்ணாடிக் கதவில் எண் பூட்டு வந்து உட்கார்ந்ததையும், அதைப் பார்த்து மாமனாரின் மூத்த மகன் விழுந்து விழுந்து சிரித்ததையும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காது மெஷின் கடைக்கு எதற்கு இத்தனை காவல், வந்தவன் காதையா அறுத்துக்கொண்டு போகப் போகிறான் என்று கேட்டான் அவன். பூட்டும் சாவியுமாக வாங்கிக் குவிப்பதற்குப் பதில், வருகிற அதிகாரியை ஒரு தடவை கவனித்துவிட்டால் சான்றிதழ் வீடு தேடி வரும் என்றும் சொன்னான்.

மருமகள் பூட்டு வந்த அட்டைப் பெட்டியை மடித்துக் குப்பையில் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

கடை சிறியது. முன்னால் காத்திருப்பவர்களுக்கு ஒரு நீள பெஞ்சு. நடுவில் மாமனாரின் மேசை. பின்னால், சுவருக்குள் பஞ்சு வைத்து அடைத்து, இரட்டைக் கண்ணாடி ஜன்னல் பதித்த, சத்தம் புகாத ஒரு சின்ன அறை. காது எவ்வளவு கேட்கிறது என்று அளந்து பார்ப்பது அதற்குள்தான். வயதானவர்களுக்கு அரசு இலவசமாகக் கொடுக்கும் காதுக் கருவிகளை இந்தப் பகுதியில் பொருத்திக் கொடுப்பது இந்தக் கடை. பிழைப்பின் பெரும்பங்கு அதில்தான் ஓடுகிறது.

அந்த அரசுதான் இப்போது ஒரு விதி கொண்டுவந்திருக்கிறது. மக்களின் நோய், வயது, விலாசம், அடையாள எண் என்று எதையாவது கையில் வைத்திருக்கும் எந்தத் தொழிலும் தகவல் பாதுகாப்புத் தரத்துக்கு உட்பட வேண்டும். சான்று இல்லையென்றால் திட்டம் இல்லை. திட்டம் போனால் கடைக்குப் பூட்டு. தெருவின் பெரியவர்கள் இரண்டு பஸ் மாறி நகரத்து ஆஸ்பத்திரி வரிசையில் போய் நிற்க வேண்டும். முதலாவதை நினைத்து மாமனாருக்குப் பசி போயிற்று. இரண்டாவதை நினைத்து மருமகளுக்குத் தூக்கம் போயிற்று.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் கணினிப் பிரிவில் இருந்தவள். அதனால் இந்தப் பொறுப்பு அவள் தலையில் விழுந்தது. கணவன் கருவிகளை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுபவன். மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டான். அவள் தனியாகவே ஒவ்வொன்றாகச் செய்தாள். ஆளுக்கொரு கடவுச்சொல். எழுந்து போனால் தானாக மூடிக்கொள்ளும் திரை. பழைய காகிதங்களைப் பொடியாக்கும் இயந்திரம். அலமாரிக்குச் சாவி. வாசலில் நிற்பவர் கண்ணில் படாதபடி கணினி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மாமனாரின் முகத்தை மட்டும் எந்தப் பக்கம் திருப்பினாலும் பயனில்லை. தெருவில் அவருக்குப் பெயர் வெண்கலம். முப்பது வருடமாகக் காது கேளாதவர்களோடு பேசிப் பேசி அவர் தொண்டைக்கு ஒரே ஒரு அளவுதான் தெரியும். வீட்டில் அவர் தண்ணீர் கேட்டால் பக்கத்து வீட்டில் மொண்டு வைப்பார்கள் என்று மாமியார் சொல்வார்.

அன்று காலையில் மாமனார் கணினி முன் உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் அறிவிப்பு.

"பெரிய எம். சின்ன ஏ. ஏழு. மறுபடியும் ஏழு..."

"மாமா."

"என்னம்மா?"

"கடவுச்சொல்லை மனசுக்குள்ள சொல்லுங்க."

"மனசுக்குள்ள சொன்னா எனக்கே கேக்க மாட்டேங்குதும்மா."

பின் அறையிலிருந்து வெளியே வந்த மாமியார் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அவர் தினமும் கடை திறந்ததும் சிறிது நேரம் அந்தச் சத்தம் புகாத அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கடவுளை நினைத்து உட்காருவார். மத்தியானம் ஒரு முறை, மூடும் முன் ஒரு முறை. இந்த மனுஷனைக் கட்டிக்கொண்ட எனக்கு ஆண்டவன் கொடுத்த வரம் இந்த அறை என்பார்.

"சிரிக்காதீங்க அத்தை. தணிக்கைக்கு வர்றவங்க கேட்டா மானம் போயிடும்" என்றாள் மருமகள். அப்படிச் சொன்ன அவளுக்கும் சிரிப்பு வந்தது.

புதிதாக ஒரு கடவுச்சொல்லை மாற்றிக் கொடுத்தாள். மாமனார் உதட்டைக் கடித்துக்கொண்டு தட்டினார். சத்தம் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. இன்றைக்கு இது போதும் என்று விட்டுவிட்டாள்.

தணிக்கையாளர் வருவதற்கு முன்பே அன்றைய முதல் ஆளாகத் தையல்காரம்மா வந்துவிட்டார். தெருக்கோடியில் தனியாக ஒரு தையல் மெஷினும் தானுமாக வாழ்பவர். அவருக்குக் கருவி வந்திருந்தது. பொருத்துவதற்கு முன் விவரங்களைச் சரிபார்க்க வேண்டும்.

மருமகள் பின்னால் கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். மாமனார் வழக்கம்போல ஆரம்பித்தார். பெயர், வயது, அடையாள எண், போன் நம்பர். தையல்காரம்மாவுக்கு முதல் தடவை கேட்கவில்லை. இரண்டாம் தடவையும் கேட்கவில்லை. மூன்றாம் தடவை வெண்கலம் முழுசாக ஒலித்தது. சர்க்கரை வியாதி உண்டா, மாத்திரை என்ன, காதில் சீழ் வந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, அவர் சொன்ன பதிலைத் தாம் சரியாக வாங்கிக்கொண்டோமா என்று உறுதி செய்வதற்காகத் திருப்பியும் சொன்னார். அது அவருடைய பழக்கம். நல்ல பழக்கம் என்றுதான் அத்தனை வருடமும் நினைத்திருந்தார்.

"வீட்டுல கூட யாரும் இல்லையா? தனியாத்தான் இருக்கீங்களா? சரி. மத்தியானத்துல துணி கொடுக்கப் போயிடுவீங்க, வீடு பூட்டியிருக்கும். சாயங்காலம்தான் போன் பண்ணணும். சரிதானே?"

தையல்காரம்மா வாசல் பக்கம் ஒரு முறை பார்த்தார். பையை எடுத்துக்கொண்டார். கருவியைப் பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்று முணுமுணுத்துவிட்டுப் போய்விட்டார். அவசர வேலையாக இருக்கும் என்று மாமனார் நினைத்துக்கொண்டார்.

தையல்காரம்மா இறங்கிப் போன படியில்தான் தணிக்கையாளர் ஏறி வந்தார். நரைத்த தலை, சாம்பல் நிறப் புடவை, தோளில் ஒரு கனமான பை. மருமகள் ஓடிப்போய் அவருடைய இடப்பக்கமாக நின்று வணக்கம் சொன்னாள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்துக்கொண்டே நின்றார். அதிகாரத் தோரணை என்று மருமகள் நினைத்தாள். 

மாமனார் ஒரு கணம் அந்த அம்மாளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மேசையைச் சுற்றி மறுபக்கம் போய், நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்கம்மா" என்றார். தணிக்கையாளர் உடனே திரும்பிப் புன்னகை செய்தார்.

மத்தியானம் வரை வேலை நடந்தது. கணினியைத் திறந்து காட்டச் சொன்னார். மூடிக் காட்டச் சொன்னார். மின்சாரம் போனால் என்ன ஆகும், கணினியே திருடு போனால் என்ன ஆகும், வேலையை விட்டு ஒருவர் நின்றால் அவருடைய கடவுச்சொல் என்ன ஆகும் என்று துருவித் துருவிக் கேட்டார். மருமகள் ஒன்றுக்கும் தடுமாறவில்லை. சில சமயம் மட்டும் அவள் சொன்ன பதில் காற்றில் போனது போல அந்த அம்மாள் பேசாமல் இருப்பார். அவள் பயந்துபோய் மறுபடி சொல்வாள். மாமனார் ஒரு வார்த்தை பேசவில்லை. சுற்றிக் காட்டும்போது மட்டும் அந்த அம்மாளின் வலப்பக்கமாகவே நடந்து வந்தார்.

கடைசியில் தணிக்கையாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கம்ப்யூட்டர்ல ஒரு குறையும் இல்லை. பெரிய பெரிய ஆஸ்பத்திரியிலகூட இவ்வளவு ஒழுங்கா நான் பார்த்ததில்லை."

மருமகளுக்கு உயிர் வந்தது.

"ஆனா காலையில நான் சீக்கிரமே வந்துட்டேன். எதிர் டீக்கடையில உக்காந்திருந்தேன்." அவர் குரலில் கோபம் இல்லை. "இங்கேருந்து போனாங்களே ஒரு அம்மா, அவங்க வயசு எனக்குத் தெரியும். போன் நம்பர் தெரியும். என்ன மாத்திரை சாப்பிடறாங்கன்னு தெரியும். தனியா இருக்காங்க, மத்தியானம் வீடு பூட்டியிருக்கும். இதுவும் தெரியும். எனக்கு மட்டுமில்லை, டீக்கடையில இருந்த அத்தனை பேருக்கும்."

மருமகள் எதிரே இருந்த டீக்கடையைப் பார்த்தாள். 

"கம்ப்யூட்டருக்குப் பூட்டுப் போட்டிருக்கீங்க. அதுல இருக்கற விவரம் வாசல் வழியா நடந்து வெளியே போகுது. இதை நான் எழுதாம இருக்க முடியாது." சாப்பிட்டுவிட்டு வருவதாகவும், வந்து அறிக்கையை முடிப்பதாகவும் சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

மாமனார் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். மருமகள் அவரைப் பார்க்கவில்லை. பார்த்தால் ஏதாவது சொல்லிவிடுவோம் என்று பயம். நேராகச் சத்தம் புகாத அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அந்த அறையில் ஒரு சௌகரியம், எவ்வளவு விசும்பினாலும் வெளியே தெரியாது.

அது மாமியார் பிரார்த்தனைக்கு உட்காரும் வேளை. அவர் வந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் பெஞ்சில் போய் உட்கார்ந்து அங்கேயே கண்ணை மூடிக்கொண்டார். தெருவில் லாரி ஒன்று ஹாரன் அடித்தது. அவர் கண்ணைத் திறக்கவில்லை. தன் இடத்தை இன்னொருவர் அழுவதற்கு விட்டுக்கொடுப்பதைவிட நல்ல பிரார்த்தனை வேறு எது?

மாமனார் ஜன்னல் பக்கம் வந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பேசினார். வெண்கலம் முழுசாகத்தான் பேசியது. கழுத்து நரம்பு புடைத்தது. உள்ளே மருமகளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. வாய் திறந்து திறந்து மூடுவது மட்டும் தெரிந்தது.

அவர் நிறுத்தினார். தான் எவ்வளவு கத்தினாலும் எதிரில் இருப்பவருக்குக் கேட்கவில்லை என்பது அவர் முகத்தில் மெல்ல மெல்ல இறங்கியது. பேசுவது ஒருவர், கேட்காதது இன்னொருவர் என்று முப்பது வருடம் பார்த்தவர்தான். ஆனால் பேசியும் கேட்கப்படாதவராக அவர் நின்றதில்லை.

பரிசோதனைக் கருவியின் முன் உட்கார்ந்தார். ஜன்னலுக்குள் மாட்டியிருந்த ஹெட்போனைக் காட்டி, போட்டுக்கொள் என்று சைகை செய்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போட்டுக்கொண்டாள்.

"அம்மா!"

அவள் துள்ளிப்போய் அதைக் கழற்றினாள். மாமனார் இரண்டு கையையும் கூப்பினார். மறுபடி போட்டுக்கொள்ளச் சொன்னார்.

இந்தத் தடவை வந்த குரலை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் கேட்டிராத குரல். மெதுவாக, கொஞ்சம் கரகரப்பாக, காதுக்கு மிக அருகில் வந்தது.

"கேக்குதா?"

தலையாட்டினாள்.

"என்கிட்ட வர்றவங்க, வீட்டுல யாரும் எங்ககூடப் பேசறதில்லைன்னு சொல்லிட்டு வர்றவங்கம்மா. பேசினா கேக்காது, திருப்பிச் சொல்ல யாருக்கும் பொறுமை இல்லை. அதனால இங்க வந்தாலாவது ஒரு ஆள் பேசறது அவங்களுக்கு முழுசா கேக்கணும்னு நினைப்பேன். அவங்களுக்குக் கேக்கணும்னு மட்டும்தான் நினைச்சேன். மத்தவங்களுக்கும் கேக்கும்னு நான் நினைச்சதே இல்லை."

அவள் கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தாள். கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"உன் உழைப்பை நான் ஒரே காலையில கெடுத்துட்டேன்" என்றது குரல்.

உள்ளேயும் ஒரு மைக் உண்டு. பரிசோதிக்கப்படுபவர் பேசுவது வெளியே இருப்பவரின் ஹெட்போனில் மட்டும் கேட்கும். மருமகள் அதன் பக்கம் குனிந்தாள்.

"மாமா, இப்ப நீங்க எவ்வளவு மெதுவா பேசறீங்க தெரியுமா?"

"மைக் இருக்கே. கத்துவானேன்?"

சொல்லிவிட்டு அவர் வாயை மூடினார். அவளும் அவரையே பார்த்தாள். இருவருக்கும் ஒரே சமயத்தில் அது தோன்றியது. காதை அளப்பதற்கு மட்டும் வைத்திருந்த அறை. விவரம் கேட்பது எப்போதும் வெளியே, மேசையில். ஏன் அப்படி என்று அந்தக் கடையில் ஒருவர்கூடக் கேட்டதில்லை.

மருமகள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். மாமியாரிடம், இனிமேல் அந்த அறையை ஓயாமல் உபயோகிக்க வேண்டியிருக்கும், உங்களுக்கு இடம் இருக்காதே அத்தை என்றாள்.

மாமியார் கண்ணைத் திறந்தார். "உங்க மாமா மெதுவா பேசக் கத்துக்கிட்டா எனக்கு அறை எதுக்கு? கடை முழுக்கக் கோயில்தான்" என்றார்.

தையல்காரம்மாவைக் கூப்பிட்டு வர மாமியாரே தெருக்கோடி வரை நடந்தார். தையல்காரம்மா வர மாட்டார் என்று மருமகளுக்குப் பட்டது. வந்தார். மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். மாமனார் அவர் முன் நின்று என்ன சொல்வதென்று தெரியாமல் தலையைக் குனிந்துகொண்டார்.

"விடுங்கண்ணே" என்றார் தையல்காரம்மா. "என் வயசும் வியாதியும் தெரிஞ்சா என்ன, யாரும் எடுத்துக்க மாட்டாங்க. தனியா இருக்கேன்னு சொன்னதுதான் கொஞ்சம்... டீக்கடையில எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. ராத்திரி எப்படித் தூங்கறதுன்னு ஆயிடுச்சு."

மாமியார் சொன்னார், இன்றைக்கு மட்டுமில்லை, மனசு தெளிகிற வரைக்கும் நானும் வந்து உன் வீட்டில் படுத்துக்கொள்கிறேன் என்று. நீங்கள் குறட்டை விடுவீர்களா என்று தையல்காரம்மா சத்தமாகக் கேட்டார். கருவி போடாத வரைக்கும் உனக்கென்ன கவலை என்றார் மாமியார். பெஞ்சு முழுக்கச் சிரிப்பாயிற்று.

தணிக்கையாளர் திரும்பி வந்தபோது தையல்காரம்மா உள்ளே ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தார். மாமனார் வெளியே மைக்கின் முன். விவரம் சரிபார்ப்பது முதலிலிருந்து மறுபடி நடந்துகொண்டிருந்தது. மருமகள் ஒன்றும் விளக்கவில்லை. காலையில் நடந்தது எங்கள் தவறு, அந்த அம்மாளிடமே சொல்லி மன்னிப்புக் கேட்டாயிற்று, இனி இப்படித்தான் நடக்கும், நீங்களே பாருங்கள் என்று மட்டும் சொன்னாள். இந்தத் தடவை தற்செயலாக அவள் வலப்பக்கம் நின்றிருந்தாள்.

தணிக்கையாளர் பெஞ்சில் உட்கார்ந்தார். ஒரு வார்த்தை காதில் விழவில்லை. வாசலுக்குப் போய் நின்றார். அங்கேயும் கேட்கவில்லை. மாமனாரின் முதுகுக்குப் பின்னாலேயே வந்து நின்றார். உதடு அசைவதும், கண்ணாடிக்குள் தையல்காரம்மா முகம் மலர்ந்து தலையாட்டுவதும்தான் தெரிந்தது. அவ்வளவு பக்கத்தில், அவ்வளவு மெதுவாக, யாரும் அவரிடம் பேசி எத்தனை காலமாயிற்றோ.

தணிக்கையாளர் உட்கார்ந்து நிதானமாக எழுதினார். கண்ட குறையை எழுதினார். அது அன்றைக்கே சரிசெய்யப்பட்டதையும் எழுதினார். சான்று கொடுக்கலாம் என்பது தன் கருத்து, நாளைக் காலையில் கையெழுத்துப் போட்டு மேலிடத்துக்கு அனுப்புவேன், முடிவு அவர்களுடையது என்றார்.

பிறகு பேனாவை மூடிக்கொண்டே, "நானும் ஒரு தடவை உள்ளே உக்காந்து பார்க்கலாமா?" என்று கேட்டார்.

மருமகள் மைக்கின் முன் உட்கார்ந்தாள். உள்ளே அந்த அம்மாள் ஹெட்போனைப் போட்டுக்கொண்டார். எந்தக் காதுக்கு முதலில் பேசுவது என்பதற்கு ஒரு முறையும் இல்லை. அவள் கை நீலப் பொத்தானில் விழுந்தது. நீலம் இடது காது.

"மேடம், கேக்குதா? கேட்டா கையைத் தூக்குங்க."

அவர் கையைத் தூக்கவில்லை. இன்னும் ஆரம்பிக்கவில்லை என்பது போல ஜன்னலைப் பார்த்துக் காத்திருந்தார்.

அவள் சற்றே ஒலியைக் கூட்டினாள். மறுபடி சொன்னாள். அவர் காத்திருந்தார்.

வலது காதுக்கான சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். அதே குரல், முதலில் வைத்த அதே அளவு. அவர் கை சட்டென்று உயர்ந்தது. சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. கண்ணாடிக்கு வெளியே இருந்தவளின் முகத்தில் அவர் எதையோ படித்துவிட்டார்.

காலையில் வணக்கத்துக்குத் திரும்பாத முகம் மருமகளுக்கு ஞாபகம் வந்தது. காற்றில் போன பதில்கள் ஞாபகம் வந்தன. திமிர் என்று நினைத்தாளே. காது மெஷின் கடையில் உட்கார்ந்துகொண்டு, எதிரே இருந்த ஒரு காதை அவள் பார்க்கத் தவறியிருந்தாள். பயம் நம்மை அப்படித்தான் ஆக்கிவிடுகிறது. எதிரில் நிற்பவர் நமக்கு என்ன செய்வாரோ என்று நினைத்துக்கொண்டிருந்தால், அவருக்கு என்ன குறையோ என்று கேட்கத் தோன்றுவதில்லை.

உள்ளேயிருந்து குரல் அவள் ஹெட்போனில் மட்டும் வந்தது.

"தெரிஞ்சுடுச்சா?"

"எவ்வளவு நாளா மேடம்?"

"போன மழைக்காலத்துக்கு முன்னாலேருந்து. ஆபீஸ்ல தெரியாது. தெரிஞ்சா என்னை ஊர் ஊரா அனுப்ப மாட்டாங்க, ஒரு மூலையில உக்கார வெச்சுடுவாங்க." மைக்கின் பக்கம் குனிந்தார். "நீயே பார்த்துச் சொல்லேன். எவ்வளவு போயிருக்கு?"

மருமகளின் விரல் பொத்தானின் மேல் இருந்தது. பார்ப்பதற்கு அதிக நேரம் ஆகாது. மனசும் பார் பார் என்றது.

"கையெழுத்து ஆகற வரைக்கும் நீங்க எங்களைச் சோதிக்கறவங்க மேடம். நாங்க உங்களைச் சோதிக்கக் கூடாது." குரலை இன்னும் தாழ்த்தினாள். "நகரத்து ஆஸ்பத்திரி மாடியில ஒரு டாக்டரம்மா இருக்காங்க. பொறுமையா பார்ப்பாங்க. தள்ளிப் போடாதீங்க. ஒரு காது மட்டும் குறைஞ்சா சீக்கிரம் காட்டணும். நாளைக்கே போங்க."

அவர் தலையசைத்தார். பிறகு ஹெட்போனைக் கழற்றி, தூங்கும் குழந்தையைக் கீழே கிடத்துவது போல மெதுவாக மாட்டினார்.

மருமகள் திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை. மாமனார் எப்போதோ எழுந்து வாசலுக்குப் போய், தையல்காரம்மாவிடம் மழை வருமா வராதா என்று பேசிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் கடை மூடும் நேரத்துக்கு மூத்த மகன் வந்தான். விஷயம் எல்லாம் கேட்டுக்கொண்டான். அறிக்கை நல்லபடி என்றதும் உற்சாகமாகி மேசை மேல் ஏறி உட்கார்ந்தான்.

"எல்லாம் சரி, அந்த அம்மா உள்ள அவ்வளவு நேரம் என்ன பண்ணினாங்க? டீக்கடையில சொன்னாங்க."

"உக்காந்து பார்த்தாங்க" என்றாள் மருமகள்.

"உக்காந்து பார்க்க அவ்வளவு நேரமா? ஏதோ பேசியிருக்காங்க. சொல்லு, நமக்கு உதவும்."

"உள்ள பேசினது உள்ளயே இருக்கட்டும்."

"வீட்டு மனுஷங்ககிட்டகூடச் சொல்லக் கூடாதா? அப்பா, நீங்களாவது கேளுங்க."

மாமனார் விளக்குகளை அணைத்துக்கொண்டிருந்தார். "நான் கேக்க மாட்டேன். நீயும் கேக்காதே" என்றார். அந்தப் புதுக் குரல்தான். மூத்த மகன் அப்பாவை ஒரு மாதிரியாகப் பார்த்தான். உடம்பு சரியில்லையா என்று மாமியாரிடம் விசாரித்தான்.

பிறகு தன் சாமர்த்தியத்தைச் சொல்லாமல் அவனால் இருக்க முடியவில்லை.

"நான் மட்டும் சும்மா இருந்தேன்னு நினைக்காதீங்க. அந்த அம்மா கார்ல ஏறும்போது பக்கத்துல போய் நின்னேன். மெதுவா, யாருக்கும் கேக்காம, 'நல்லபடியா முடிச்சுக் கொடுங்க, உங்களைத் தனியா கவனிச்சுக்கறோம்'னு சொன்னேன். ஒரு பதில் இல்லை. திரும்பிக்கூடப் பார்க்கலை. கதவைச் சாத்திட்டுப் போயிட்டாங்க."

மருமகளுக்கு ரத்தம் தலைக்கு ஏறிற்று. ஆறு மாத உழைப்பு, கையெழுத்தாகாத அறிக்கை, நாளைக் காலை. அவள் வாயைத் திறந்தாள். அதே நொடியில் மாமனாரும் திரும்பினார். இரண்டு பேரும் ஒரே மூச்சில் கேட்டார்கள்.

"எந்தப் பக்கம் நின்னீங்க?"

"எந்தப் பக்கம் நின்னே?"

கேட்டுவிட்டு இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

காலையில் மேசையைச் சுற்றி மறுபக்கம் போய் நாற்காலி போட்டவர். கடை முழுக்க வலப்பக்கமாகவே நடந்து வந்தவர். அந்த அம்மாள் படியேறிய நிமிடத்திலேயே அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெருவே கேட்கப் பேசுகிற மனுஷர், இதை மட்டும் நாள் முழுக்க ஒருவரிடமும் சொல்லவில்லை, தன் மருமகளிடம்கூட.  

"பக்கமா?" மூத்த மகன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "எந்தப் பக்கம் நின்னா என்ன? ஞாபகம் இல்லை. எதுக்குக் கேக்கறீங்க?"

யாரும் பதில் சொல்லவில்லை. சொல்ல முடியாது.

மாமியார் மாற்றுத்துணிப் பையை எடுத்துக்கொண்டு தையல்காரம்மா வீட்டுக்குக் கிளம்பினார். மூத்த மகன் தலையைச் சொறிந்துகொண்டே தெருவில் இறங்கினான். வலப்பக்கமா, இடப்பக்கமா? மருமகள் அந்தக் காரின் கதவை மனசுக்குள் திறந்து திறந்து மூடிப் பார்த்தாள்.

மாமனார் கண்ணாடிக் கதவைச் சாத்தினார். எண் பூட்டின் முன் குனிந்தார். ஒற்றை விரல் ஒவ்வொரு எண்ணாகத் தேடிப் போயிற்று. அவள் பக்கத்திலேயே நின்றாள். ஒரு சத்தமும் இல்லை.

உதடுகூட அசையவில்லை.